படகுக்காரர் செய்த கார்க் கதவு

குருநகரில் சிமியோன் கட்டிய பைபர் படகுகளில் ஒன்றுகூடக் கசிந்ததில்லை. அதைத் தன் வாயால் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதுமில்லை. ஆனால் தொண்ணூற்றொன்றில் போரால் கடலுக்குப் போகத் தடை. படகு கேட்டு ஒருவரும் வரவில்லை. மிச்சமிருந்த இரண்டு பீப்பாய் ரெசின் பசையைப் பார்த்துக்கொண்டு அவர் குந்தியிருந்த நாளில்தான், வாடகைக் கார் ஓட்டும் நீர்வேலிக் கதிரவேலு தன் ஒஸ்ரின் காரின் துருவேறி உக்கிப்போன கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஊரில் தகரத்துக்கும் வழியில்லாத காலம்.

"அண்ணை, உங்களாலை ஏலுமோ?"

"வைச்சிட்டுப் போம்."

கதவு சரிவந்தால் கதிரவேலு நிற்கும் நல்லூர்த் தரிப்பிடத்து வாடகைக் கார்கள் முழுக்க இந்த வாசலுக்கு வரும். பிழையானால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

உக்கின இடங்களை மெழுகால் நிரவி, அச்செடுத்து, நார்ப்பாயை ரெசினில் தோய்த்து மூன்று படை போட்டார். பழைய கதவின் அடியில் மூன்று ஓட்டைகள் தெரிந்தன. துரு தின்றது என்று எண்ணி அவற்றையும் வடிவாக அடைத்தார். பிறகு சோதனை. சில்லறைக் காசால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது கொடுத்தார். ஓரிடத்தில் பொத்தென்ற சத்தம், உள்ளே காற்று. வெட்டியெடுத்து மறுபடி போட்டார். மதிலிலிருந்து தூக்கிப் போட்டும் பார்த்தார். கடைசியாக நிமிர்த்தி வைத்துத் தண்ணீர் நிரப்பி ஒருநாள் விட்டார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

"கதவுக்குள்ளை மீன் வளக்கப் போறியளோ?" என்றார் மனைவி லூர்த்தம்மா.

கதவைக் காரில் பொருத்திப் பத்தாம் நாள் மழை கொட்டியது. மறுநாள் கதிரவேலு சைக்கிளில் வந்து நின்றார்.

"கண்ணாடி இடுக்காலை இறங்கின தண்ணி போக வழியில்லை அண்ணை. பாரத்திலை கதவு தொங்குது. ஸ்ராண்டிலை எல்லாரும் சிரிக்கிறாங்கள்."

சிமியோனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்த ஓட்டைகளைத் துரு போடவில்லை; தண்ணீர் வடியவென்றே விட்டவை அவை. காரை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. துளை போடும் கைத்துறப்பணத்தை எடுத்துக்கொண்டு தரிப்பிடத்துக்கே போனார்.

"நங்கூரமும் கொண்டு வந்தியளோ அண்ணை?" என்று கேட்டான் அடைக்கலநாதன் என்ற சாரதி.

"உம்மடை காருக்கு வேணுமெண்டாத் தாறன்."

முழந்தாளிட்டார். தான் செய்த பொருளின் அடியில் தானே துளை போடுவது இதுவே முதல்முறை. இடத்தை விரலால் அளந்து குறித்தார். பிறகு துறப்பணம் சுழன்றது. தண்ணீர் பீய்ச்சியடித்து அவர் சட்டையை நனைத்தது. மூன்று துளையும் போட்டு, மேலே ஒரு வாளி ஊற்றினார். அவ்வளவும் கீழே ஓடியது. கதவு ஒரு விரலால் தள்ள மூடிக்கொண்டது.

"பிழை என்னிலைதான்," என்றார் எல்லாருக்கும் கேட்க. "மற்றபடி தட்டிப் பாருங்கோ. உதைச்சும் பாருங்கோ."

தட்டினார்கள். ஒருவன் உதைத்துவிட்டுத் தன் காலைத் தடவினான். அடைக்கலநாதன் கதவை இரண்டு தரம் திறந்து மூடினான்.

"என்ரை மட்காட்டும் உக்கிப்போச்சு அண்ணை."

"கழட்டிக்கொண்டு வாரும்," என்றார் சிமியோன், சட்டையைப் பிழிந்தபடி. "வந்தவுடனை சொல்லும், எந்த ஓட்டை துரு திண்டது, எந்த ஓட்டை கொம்பனி போட்டது எண்டு."