ஸ்ப்ரெடர் ஓடட்டும்

டவரில் பெண் ஏறக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் நான் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறும்போதெல்லாம் கீழே நாலு பேர் கூடிவிடுவார்கள். "ஏம்மா, ஒனக்கு வேற வேலையே கெடைக்கலயா?" என்பார்கள். "கெடச்சிது. நீங்கல்லாம் கீழயே நிக்கிறீங்களேன்னுதான் இதுக்கு வந்தேன்" என்பேன். வாயாடி என்ற பெயர் அப்படி வந்ததுதான். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

திறந்தவெளிச் சுரங்கத்தின் அடியில் தண்ணீர் இறைக்கிற பம்பு ஹவுஸுக்கும், மேலே விளிம்பில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் ரேடியோ வழியாக போன் கொடுக்கும் வேலையை எங்கள் கம்பெனி காண்ட்ராக்டில் எடுத்திருந்தது. கேபிள் போட்டால் வெட்டும் இடம் நகர நகர அறுந்துபோகும். செல்போன் சிக்னல் அந்தக் குழிக்குள் இறங்காது. அதனால் முனைக்கு ஒரு டவர், டவருக்கு ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும், நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது. அந்தப் பம்பு ஹவுஸில் என் அண்ணன் காண்ட்ராக்ட் ஆள். மழைக்காலத்தில் அவன் ஷிப்ட்டுக்குக் கிளம்பினால் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஆகவே அந்த போனை நான் சம்பளத்துக்காக மட்டும் மாட்டவில்லை.

டிஷ்ஷைத் திருப்புவது பொறுமையான வேலை. மல்ட்டிமீட்டரைப் பார்த்தபடி ஸ்பேனரால் நட்டைக் கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று நகர்த்த வேண்டும். சிக்னல் ஏறும், இறங்கும், மறுபடி பெரிதாக ஏறும். முதலில் ஏறியதை நம்பி முறுக்கிவிட்டால் போச்சு. அது பக்கவாட்டில் கசிகிற பொய்ச் சிக்னல். நான் நம்பவில்லை. தேடித் தேடி உச்சத்தைப் பிடித்து முறுக்கினேன். டெஸ்டரை மாட்டினோம். இங்கிருந்து அனுப்பும் எண்கள் அந்த முனையைத் தொட்டு அப்படியே திரும்பி வந்தன. சந்தோஷமாக இறங்கினேன்.

அப்புறம் திடீரென்று அந்த ரேடியோ லிங்க் செத்தது. சற்று நேரத்தில் தானாகவே உயிர் வந்தது. மறுபடி செத்தது. டிஷ் அசையவில்லை, ஒயர் நன்றாக இருந்தது. "பொம்பள முறுக்குன நட்டு, லூசாத்தான் இருக்கும்" என்றார் எங்கள் மேனேஜர். நானே மறுபடி ஏறிப் பார்த்தேன். நட்டு மலை மாதிரி அசையாமல் இருந்தது.

விடை எங்கள் ஊரான வடக்குத்தில், எங்கள் வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் புலம்புவதைக் கேட்ட அண்ணன், "எந்த டவரு? ஆயுத பூஜ அன்னிக்கு ரெண்டு பேரு மேல ஏறிகினு பைனாகுலர்ல பாத்துகினு இருந்தாங்களே, அதா? நான்தான் அவங்களுக்குப் பொரி குடுத்தேன்" என்றான்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆயுத பூஜை அன்று இங்கே இயந்திரங்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து நிறுத்திவிடுவார்கள். மேல்மண்ணை வாங்கித் தூரத்தில் கொட்டும் ஸ்ப்ரெடரின் நீண்ட கைகூட அன்று மடங்கி ஓரமாகக் கிடக்கும். குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்க விடுவதால் கேட்டில் கெடுபிடி இருக்காது. எங்கள் சர்வே ஆட்கள் அதற்காகவே அந்த நாளில் வந்து, இரண்டு டவருக்கும் நடுவில் பாதை சுத்தம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் ஸ்ப்ரெடர் கையை வீசி வீசி இரண்டு டிஷ்ஷுக்கும் நடுவில் புகுந்து வருகிறது.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் அதிரவில்லை, யோசித்தார். "வியாழக்கிழம காலையில ஸ்ப்ரெடருக்கு மெயின்டனன்ஸ். அன்னைக்கே டெஸ்ட்ட வச்சு ஒப்படைச்சிடலாம். நீ வாயத் தொறக்காத."

"உள்ள ஆளுங்க இருக்காங்க சார்."

"ஒனக்கு வேல வேணுமா, வேணாமா?"

வேண்டும்தான். ஆனால் அண்ணன் அதைவிட வேண்டும்.

வியாழக்கிழமை சுரங்க அதிகாரி வந்தார், கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். டெஸ்ட் ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்தது. மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் விளிம்பில் இருந்த டவரின் உச்சியில் இருந்தேன். உயரத்தில் ஆள் இருக்கும்வரை வேலை பர்மிட்டை மூட முடியாது. பர்மிட்டை மூடாமல் லிங்க்கை வாங்கிக்கொள்ள முடியாது. அவர்கள் போட்ட விதிதான். அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்கு!" என்று கத்தினார் மேனேஜர்.

"ஸ்ப்ரெடர் ஓடட்டும். அப்பறம் எறங்கறேன்."

"என்னங்க இது, அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்றார் அதிகாரி. மேனேஜர் ஏதோ மழுப்பினார். நான் மேலிருந்தே தொண்டை கிழியக் கத்தினேன்: "சார், மெஷின் ஓடும்போது பம்பு ஹவுஸுக்குப் பேசிப் பாருங்க! அது போதும்!"

வெயில் மண்டையைப் பிளந்தது. பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தது. பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இறங்கும் எண்ணம்தான் இல்லை. மதியத்துக்கு மேல் ஸ்ப்ரெடர் உறுமிக்கொண்டு கிளம்பியது. அதிகாரி போனை எடுத்து, டவர் உச்சிவரை கேட்கட்டும் என்று கட்டுப்பாட்டு அறையின் வெளி ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் எடுத்தது என் அண்ணன்.

"பேசிட்டே இருங்க" என்றார் அதிகாரி.

"என்னாத்த பேசறதுங்க? மழ நாள்ல சொல்ல வேண்டியதத்தான் சொல்லணும். ஐயா, தண்ணி ஏறிகினு இருக்குதுங்க. நாங்க கீழ மாட்டிகினோம். சீக்கிரம் ஆளுங்கள அனு..."

ஸ்ப்ரெடரின் கை குறுக்கே வந்து நின்றது. ஸ்பீக்கரில் இரைச்சல்கூட இல்லை.

அதிகாரி ஸ்ப்ரெடரைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "எறங்கி வாங்கம்மா. இத நான் வாங்கிக்கல."

இறங்கியதும் மேனேஜர், "நாளையிலேர்ந்து வராத" என்றார். "டவர ஒசத்திட்டுக் கூப்புடுங்க, டிஷ்ஷத் திருப்ப ஆள் வேணும்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வாய்க்கொழுப்பில் சொன்னதுதான். ஆனால் டவர் உயர்ந்தது. அந்தப் புது உயரத்துக்கு ஏற அவரிடம் இருந்த ஆம்பளைகள் ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. கூப்பிட்டார்கள். போனேன், அதே வாயோடு.

ஸ்ப்ரெடர் நடுவில் கை வீசிக்கொண்டிருக்கும்போதே முதல் போனை நான் போட்டேன்.

"சொல்லு பாப்பா" என்றான் அண்ணன்.

"அன்னிக்குப் பாதில நின்னுச்சே, அத இப்ப முழுசா சொல்லு."

ஸ்ப்ரெடரின் கை டிஷ்ஷுக்குக் கீழே குறுக்கே வந்தது. லிங்க் போய்விட்டதோ என்று மீட்டரைப் பார்த்தேன். போகவில்லை.

"ஆளுங்கள அனுப்புங்க" என்றான்.