சக்கரத்துக்குக் கட்டை

எங்கள் ஜீப்புக்கு ஸ்டியரிங் இடது பக்கம். இரண்டாம் உலகச் சண்டையில் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிவிட்டு, சண்டை முடிந்ததும் ஏலத்தில் தள்ளிய வண்டி. கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்தபோதே அதற்கு என் கல்யாணத்தைவிட வயது அதிகம். அவுக இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவாக. வலது பக்கம் நான். என் மடியில் ஒரு கருவேலங்கட்டை இருக்கும். அவுக என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை. பேர் சொல்லிப் பழக்கமில்லை, இனிமேல் பழகவும் போவதில்லை.

அறுபதுகளில் நாங்கள் தாராவியில் சமைத்து, தேவ்நாரைத் தாண்டி இருந்த ஒரு கல்குவாரிக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனோம். கல் உடைக்கிறவர்கள் முக்கால்வாசி நம்ம ஊர்ப் பக்கத்து ஆட்கள். கோயிலுக்குப் போகிறவனும் உண்டு, மாதா கோயிலுக்குப் போகிறவனும் உண்டு. எல்லாருக்கும் வேண்டியது ஒரே புளிக்குழம்புதான். ஆட்களை மேய்க்கிற முக்காதம் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் அரை மணி. அதில் அவர்கள் மலையை விட்டு இறங்கிவந்து தின்றுவிட்டு ஏறிப்போக முடியாது. அதனால் சோறுதான் மேலே போக வேண்டும். அந்த மேட்டில் ஏறிச் சோறு கொண்டுபோகிற வண்டி பம்பாயிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். பம்பாய் பூராவும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்லுவேன்.

மேட்டில் பாதை என்று ஒன்றும் கிடையாது. கல் லாரி போய்ப் போய் விழுந்த தடம்தான். ஏறும்போது வலது பக்கம் மலை. இடது பக்கம் கல்லை வெட்டி எடுத்த பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். நடுவில் ஒரு வளைவில் மூச்சு வாங்க ஜீப்பை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்துப் பொங்கிவிடும். வண்டி நின்ற மறு நிமிஷம் நான் குதித்து, ஓடி, பின்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து கட்டையைப் போடுவேன். ஜீப்பின் பிரேக் அப்படி. மூன்று தடவை மிதித்தால் ஒரு தடவை பிடிக்கும். என் கட்டைதான் பிரேக்.

எனக்குப் பயம் உண்டா என்று கேட்டால், அந்தக் காலத்தில் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். குவாரியில் என்னை ஆம்பிளைக்கா என்று கூப்பிடுவார்கள். அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. உள்ளபடி என்னவென்றால், காலையில் அரிசி களையும்போதே அந்த வளைவு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிடும். விழுந்தால் பள்ளத்துப் பக்கம் இருப்பது அவுகதான். நான் மலைப் பக்கம் குதித்துவிடுவேன். நான் மட்டும் நின்றுகொண்டு பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நாளும் அரிசி வேகிற நேரம் முழுக்க இதையேதான் நினைப்பேன். பிறகு முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, கட்டையை எடுத்துக்கொண்டு ஏறி உட்காருவேன்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் கட்டையும் வழுக்கியது. ஜீப் பின்னால் நகர்ந்தது. ஒரு ஆள் நீளம்தான் இருக்கும். ஒரு கல் தடுத்து நின்றது. மறுநாள் குர்லாவில் வண்டி ரிப்பேர் பார்க்கிற மிஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கிரீஸ் கையோடு வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

“பாபி, யே காடி நஹி, கிஸ்மத் ஹை.”

இது வண்டியில்லை அண்ணி, தலையெழுத்து என்றார். பிரேக் சாமான் பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் போட்டுத் தருவதாகவும், கிடைத்தாலும் அதுவும் இதே வயசுச் சாமானாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்தான். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறவன். மாதுங்கா ஆபீஸ்காரர்களோடு பழகிப் பழகி அவன் சட்டை மடிப்புக்கூட மாறிப்போயிருந்தது. வாசலில் நின்ற ஜீப்பைக் காலால் தட்டினான்.

“அத்தான், இதை மியூசியத்துல வைக்கணும். டிக்கெட் போட்டா சோறு ஆக்குறதைவிட வரும்படி உண்டு.”

“காலை எடு மாப்ளே. அது எனக்கு மூத்த சம்சாரம்,” என்றாக இவுக.

“அப்ப எங்க அக்கா?”

“அவ சம்சாரத்துக்குக் கட்டை போடுறவ.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தம்பி விஷயத்துக்கு வந்தான். அவனுக்குத் தெரிந்த ஒருவரிடம் மூன்று சக்கரச் சாமான் வண்டி ஒன்று விலைக்கு இருக்கிறது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. ஜீப் குடிக்கிற பெட்ரோலில் பாதி போதும். அதன் விலைக்கு இன்னொரு ஜீப்பின் எலும்புக்கூடுகூட வராது. ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம்.

“அது மேடு ஏறுமாடா?” என்றேன்.

“கேட்டுட்டேன்க்கா. கல்யாண் பக்கம் மலை ரோட்டுல எல்லாம் ஏறுதாம்.”

“ரோட்டுல ஏறும். தடத்துல ஏறுமான்னு கேக்கேன்.”

தம்பி அத்தானைப் பார்த்தான். ஜீப்பை யாரும் தொடக்கூட விடாத மனுஷன், என் முகத்தைப் பார்க்காமல், “எடுத்துட்டு வா மாப்ளே, பாத்துருவோம்,” என்றாக. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. என்னைப் பேசவிடாமல் எழுந்து குளிக்கப் போய்விட்டாக. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

புதன்கிழமை வண்டி வந்தது. நீலக் கலர். மூக்கு மட்டும் நீண்டு, எலிபோல இருந்தது. நான் எப்போதும் ஏற்றுகிற மாதிரியே ஏற்றினேன். முதலில் மோர்ப்பானை, ஊறுகாய், பிறகு குழம்புத் தவலை, கடைசியாக வால் பக்கம் சோற்று அண்டா இரண்டும். போய் நின்றதும் முதலில் கேட்பது சோறு, அதனால் அது கைக்கு எட்டுகிற இடத்தில், கடைசியில் இருக்க வேண்டும். எத்தனையோ வருஷமாகக் கை அப்படியே பழகியிருந்தது. ஜீப் ஒன்றும் சொன்னதில்லை.

தாராவியில் கிளம்பி செம்பூர் தாண்டும் வரை வண்டி வெண்ணெயில் போகிற மாதிரி போனது. பிரேக் முதல் மிதியிலேயே பிடித்தது. இவுக பிரேக்கைப் போட்டுப் போட்டு எனக்குக் காட்டினாக. இனிமேல் அரிசி களையும்போது அரிசியை மட்டும் நினைக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. இந்த வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன், மடியில் கட்டையோடு.

மேட்டின் அடியில் இவுக வண்டியை நிறுத்தி, மேலே பார்த்தாக.

“ஏறாது போல இருக்கே,” என்றாக.

“ஏத்தாமலே சொன்னா எப்படி? மேல அம்பது வயிறு காத்துக்கிட்டு இருக்கு. ஏத்துங்க.”

நான்தான் சொன்னேன். ஆம்பிளைக்கா அல்லவா.

இவுக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு கியரைப் போட்டாக. அந்தப் பாழாய்ப்போன வண்டி அடியிலேயே மக்கர் பண்ணியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். அது ஏறியது. முனகிக்கொண்டே ஏறியது. கரெக்டாக அந்த வளைவில் வந்து, இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

வண்டி நின்றால் நான் குதிக்க வேண்டும். அதை யோசித்துச் செய்வதில்லை, கண் இமைக்கிற மாதிரிதான். குதித்தேன். கீழே கால் வைத்த இடத்தில் பாதி கால்தான் மண்ணில் இருந்தது, பாதி வெளியே. பள்ளத்துப் பக்கம் குதித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு கூழாங்கல் உருண்டு போய், வெகு நேரம் கழித்துத் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. அப்போதும் நிற்காமல் வண்டியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய், குனிந்து, கட்டையைப் போட்டேன். நிமிர்ந்தபோது வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முன்னால் என் கனம் இருந்தவரைதான் அந்த ஒற்றைச் சக்கரம் தரையில் இருந்திருக்கிறது. நான் இறங்கியதும், வால் பக்கம் வைத்த இரண்டு அண்டாச் சோறும் வண்டியைப் பின்னால் இழுத்துவிட்டன. முன்சக்கரம் தரைக்கு மேல் ஒரு முழம் அந்தரத்தில் நின்று ஆடியது. உள்ளே அவுக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மல்லாக்க உட்கார்ந்திருந்தாக. ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்பினாலும் திருப்புகிறதுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

“ஏட்டி! பின்னால நிக்காத! முன்னால வா, முன்னால வந்து தொங்கு!”

மலைப் பக்கமாகச் சுற்றி ஓடி, மூக்கில் இருந்த கம்பியைப் பிடித்து என் உடம்பு முழுவதையும் போட்டுத் தொங்கினேன். சக்கரம் இறங்கியது, ஆனால் மண்ணைத் தொடவில்லை. என் முகமும் அவுக முகமும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன. அவுக உதடு வெளுத்திருந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு குவாரிக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். “எனக்குப் பயமா இருக்கு, எனக்குப் பயமா இருக்கு” என்றுதான் கத்தினேனாம். மேலே அத்தனை பேருக்கும் கேட்டதாம்.

அவர்கள் ஓடி வந்தார்கள். நாலு பேர் மூக்கில் தொத்தி ஏறினார்கள். நாலு பேர் அண்டாவை இறக்கினார்கள். சக்கரம் தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தது. அவுக இறங்கி வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டாக.

“அண்ணாச்சி, வண்டி எங்களைப் பாத்து சல்யூட் அடிச்சதே, அதுக்கு ஒரு அப்பளம் கூடப் போடும்,” என்றான் ஒருத்தன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

அங்கேயே, அந்த வளைவிலேயே, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

வண்டியை அவர்களே பிடித்துக் கீழே இறக்கிக் கொடுத்தார்கள். சமதளத்துக்கு வந்த பிறகுதான் அவுக வாயைத் திறந்தாக.

“இது ஏறாதுன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சேவா கொண்டுவந்தீக?”

“அடியிலேயே நின்னுரும்னு நெனச்சேன். நின்னுருந்தா நீயே குவாரியை விட்டுருவோம்னு சொல்லியிருப்ப. நான் சொன்னா நீ கேக்க மாட்டியே.”

“ஏன் விடணும்?”

அவுக பின்சக்கரத்தைக் கையால் காட்டினாக. பிறகு, “தினமும் நீ சக்கரத்துக்குப் பின்னால குனியுத. எனக்கு இருக்கிறது மூணு மிதிக்கு ஒரு பிரேக். நான் கண்ணாடியில பாத்தா உன் தலை தெரியாது. நீ நிமிர்ற வரைக்கும் நான் மூச்சு விடுறதில்ல. மழையில அன்னிக்கு வண்டி பின்னால நகர்ந்துச்சே, உன் மேலதான் ஏறிட்டேன்னு நெனச்சேன்,” என்றாக. பிறகு மெதுவாக, “இன்னிக்குக் கடைசில உன்னையப் பள்ளத்துப் பக்கம் உக்கார வச்சுட்டேன்,” என்றாக.

மழையில் ஜீப் நகர்ந்த அன்று, அதன் பின்னால் நின்ற நான் எந்தப் பக்கம் தாவி ஒதுங்கினேன் என்பது எனக்கு மறந்தேபோயிருந்தது. என் பயமெல்லாம் முன்சீட்டில் இருந்தது. அவுக பயம் பின்சக்கரத்தில் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறோம்.

மறுநாள் நான் நடந்தே மேட்டில் ஏறி முக்காதத்தைப் பார்த்தேன். மராட்டிக்காரர். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். இனிமேல் எங்கள் வண்டி, எந்த வண்டியானாலும், மேட்டில் ஏறாது. அடியில் நிற்கும். தூக்க எட்டு ஆட்களைச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பினால் சோறு மேலே வரும். அனுப்பாவிட்டால் வராது.

“டர் கயி க்யா?” என்றார். பயந்துவிட்டாயா என்று கேலிதான்.

“ஹா. டர் கயி,” என்றேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் முனகினார். ஆனால் பசித்த ஆள் கல் உடைக்க மாட்டான் என்பது அவருக்கும் தெரியும். அடுத்த நாளிலிருந்து எட்டு பேர் கடப்பாரையோடு இறங்கி வந்தார்கள். அண்டாக் காதில் கடப்பாரையைக் கோத்து, இரண்டு இரண்டு பேராகத் தோளில் வைத்துச் சாமி தூக்குகிற மாதிரி தூக்கிப் போனார்கள். தூக்குகிறவனுக்கு ஒரு கரண்டி குழம்பு கூட. அதற்கு அவர்களுக்குள் முறைவைத்து அடிதடியே நடந்தது.

ஜீப்பை குர்லா மிஸ்திரியே எடுத்துக்கொண்டார். போகும்போது இவுக அதன் மூக்கைத் தடவிக் கொடுத்தாக. நான் ஒன்றும் சொல்லவில்லை, மூத்தவள் அல்லவா. அந்த நீல வண்டியையே வாங்கினோம். தடத்துக்கு ஆகாததுதான், ஆனால் ரோட்டுக்கு அதைவிட நல்ல வண்டி நமக்கு எங்கே கிடைக்கும்.

அதன்பிறகு சோற்று அண்டா இரண்டையும் முன்னால், அவுக முதுகுக்குப் பின்னாலேயே வைத்தேன். அதனால் இறக்கும்போது ஊறுகாயும் மோரும் முதலில் போகும், குழம்பு அடுத்துப் போகும், சோறு கடைசியில்தான் போகும்.

“ஏக்கா, குழம்பை நக்கிக்கிட்டே உக்காந்திருக்கோம். சோறு எங்கக்கா?” என்று மேலேயிருந்து கத்துவார்கள்.

“வரும். உசிரோட வரும். பொறுங்கலே,” என்று நான் கீழேயிருந்து கத்துவேன்.

கட்டையை மட்டும் நான் விடவில்லை. சமதளம்தான், பிரேக்கும் பிடிக்கும், இருந்தாலும் மடியில் இருக்கும். வண்டி நின்றதும் என் கால் தானாக வெளியே போகும். அப்போது அவுக கை நீண்டு வந்து என் முழங்காலில் விழும்.

“இரு. நான் சொல்லுதேன்.”

அவுக இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்து மண்ணைக் காலால் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, “இப்ப இறங்கு,” என்பாக. அதற்குப் பிறகுதான் நான் இறங்குவேன்.