வேப்பங்குப்பத்தில் ஏறுகிறவர்கள்

சித்தூருக்கும் பாகாலாவுக்கும் நடுவில், வேப்பங்குப்பம் ஹால்ட்டில் திருப்பதி பாசஞ்சர் ஒரு நிமிடம் நிற்கும். அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் ரத்னம்மா பதினோரு வருஷமாகப் பிழைத்து வந்தாள். உடனே அவளை ரயில்வே உத்தியோகஸ்தி என்று நினைத்துவிட வேண்டாம். சித்தூர் ஸ்டேஷனில் டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி வந்து, தகரக் கூரை போட்ட அறையில் உட்கார்ந்து விற்பாள். ஏஜென்ட் என்று பேர்; விற்றதற்குக் கமிஷன் உண்டு, சம்பளம் கிடையாது.

காலை ஏழு மணிக்கு நாற்பது பேர் கூடிவிடுவார்கள். எல்லாரும் திருப்பதியில் லாட்ஜ், சத்திரம், கடை என்று வேலைக்குப் போகிறவர்கள். ரயில் தாமதமானால் நாராயணசாமிக்குக் கொண்டாட்டம். அவர் ஒரு துணிக்கடையில் தையல்காரர். ஊர் கிழிசலையெல்லாம் தைக்கிறவருக்குத் தன் வாயை மட்டும் தைக்கத் தெரியாது.

"ப்ரைவேட்டுகாரன் கையில குட்த்துட்டா, டாண்ணு டைமுக்கு வந்துடும் பாரு."

"வரும்ணா, வரும். நம்ம ஊர்ல நிக்குமா? நாப்பது பேருக்கோசரம் எந்த ப்ரைவேட்டுகாரன் பிரேக்கு போடுவான்? கவர்மெண்டுன்றதால நின்னுகினு கீது" என்பாள் லாட்ஜில் துணி துவைக்கும் கமலம்மா.

"அப்போ நம்ம ரத்னம்மா யாரு? கமிஷனுக்கு உக்காந்துகினு கீற ப்ரைவேட்டு தானே?"

ரத்னம்மா சிரித்துக்கொள்வாள். பேச்சில் ஜெயித்தால் கமிஷன் கூடிவிடுமா என்ன!

தை மாதம் மேலாபீசிலிருந்து கடிதம் வந்தது. வேப்பங்குப்பத்தில் ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டு ரயில் நிற்பதை ரத்து செய்யலாம் என்று. ரத்து செய்யப் போவது கமலம்மா நம்பிய அதே கவர்மெண்டு!

ரத்னம்மா சித்தூருக்கு ஓடினாள். கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு நாளைக்கு ஆறு பேருதாம்மா ஏறறாங்க."

"நாப்பது பேரு ஏறறாங்க சார், என் கண்ணால பாக்கறேன்!"

"உன் கண்ணு கம்ப்யூட்டர்ல இல்லியேம்மா."

மறுநாள் அவள் ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. போனில் டிக்கெட் எடுக்கிற வசதி வந்ததும், முதலில் நாராயணசாமியின் மகள் ரக்ஷிதா அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்திருந்தாள். எங்கே ஏறினாலும் கட்டணம் ஒன்றுதானே என்று 'சித்தூர் – திருப்பதி' என்றே போட்டுவிட்டாள். அவரைப் பார்த்து ஊரே அப்படிப் போட்டுக்கொண்டது. செம்மறியாட்டு மந்தை தோற்றது போங்கள். ஏறுவது வேப்பங்குப்பத்தில், கணக்கு மட்டும் சித்தூருக்கு.

"எல்லாரும் என்கிட்டயே டிக்கெட்டு வாங்குங்க. இல்லன்னா ரயிலு நிக்காது" என்றாள் ரத்னம்மா.

"கமிஷன் கொறஞ்சி போச்சில்ல, அதான் கதை உடறா" என்றார் நாராயணசாமி. நாலு பேர் சிரித்தார்கள்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. கமிஷனும் மனசில் இருந்தது உண்மைதானே! அன்று பகல் முழுதும் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து யோசித்தாள். போனிலேயே 'வேப்பங்குப்பம்' என்று போட்டாலும் கணக்கில் ஏறும். அதற்கு யாரும் அவளை நம்ப வேண்டியதில்லை. ஆனால் டிக்கெட் எல்லாம் போனுக்குப் போய்விட்டால் ஏஜென்ட் எதற்கு? கிளார்க் அதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலை அறையை விட்டு வெளியே வந்தாள். "போனைக் குடு" என்று ஒவ்வொருவரிடமும் வாங்கி, சித்தூரை எடுத்துவிட்டு வேப்பங்குப்பத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

"இதுல உனுக்கு இன்னாடி வரும்?" என்றாள் கமலம்மா.

"எனுக்கு ஒண்ணும் வராது. ரயிலு வரும்."

நாராயணசாமி கடைசியாகத் தன் போனை நீட்டினார்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. ரயில் தொடர்ந்து நிற்கும். பயணிகள் போனிலேயே டிக்கெட் எடுத்துவிடுவதால் ஏஜென்ட் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. இரண்டும் ஒரே தாளில், அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. முதல் வரியைப் படித்து ஊர் கைதட்டியது. இரண்டாவது வரிக்கு வந்ததும் யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவள் யார் மேலும் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள்.

கமலம்மா தன் லாட்ஜிலேயே அவளுக்கு வேலை சொல்லி வைத்தாள். திங்கட்கிழமை காலை, மற்றவர்களோடு ரத்னம்மாவும் ஏறினாள். வண்டி நின்றபடியே இருந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு தலையை நீட்டி, பூட்டிக் கிடந்த டிக்கெட் அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் எல்லாரும் ஏறியானதும் அங்கிருந்து அவள்தான் கையசைப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் விசில் ஊதுவது வழக்கம்.

ரத்னம்மா வாசல் கம்பியைப் பிடித்தபடி வெளியே எட்டிப் பார்த்தாள். நடைமேடையில் ஒருவரும் பாக்கியில்லை. கையை நீட்டி அசைத்தாள். அவர் அவளைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு விசில் ஊதினார். வண்டி கிளம்பியது.