மாப்பிள்ளை அறையில் ஓடிய ரயில்

பிள்ளைகளே, தச்சு வேலைக்குப் போன ஒரு வீட்டில் நான் பார்த்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

காரைக்காலில் கடலோரத் தெரு. வளைகுடா நாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். ஒல்லி உடம்பு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். மாடி அறையில் சுவரை ஒட்டிப் பலகை அடித்து, குட்டித் தண்டவாளம், ஸ்டேஷன், பாலம் எல்லாம் தானே செய்து வைத்திருந்தார். அதன்மேல் ஒரு குட்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. உப்புக்காற்றில் தண்டவாளம் கறுத்துவிடுமாம். பேசும்போதும் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மகளுக்குக் கல்யாணம். அந்த ஊர் முஸ்லிம்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வரப்போகும் மாப்பிள்ளைக்கு அந்த மாடி அறைதான்.

"பலகைய அறுத்து எடுத்துடுங்க தம்பி."

"ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே பாய். உங்க வூடுதானே?"

அவர் சிரித்தார். "நானும் இங்க மாப்பிள்ளையா வந்தவன்தான். இது என் பொண்டாட்டி வூடு. இனிமே மவ வூடு. எனக்குன்னு இருந்தது இந்தப் பலகைதான்."

அப்போது மகள் மாடியேறி வந்தாள். "வாப்பா, ஏசிய எங்க மாட்டலாம்?"

ரயிலை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் சுவிட்சை அணைத்தார். பாலத்துக்கு மேலே இருந்த சுவரைக் காட்டி, "இங்க மாட்டுனா ரெண்டு பேருக்கும் நல்லா குளிரும்மா" என்றார்.

பலகையை நான்தான் அறுத்தேன். கதையில் வருகிற மாதிரி அந்த வீட்டில் கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால், மனசுக்குள் அவரைத் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். அப்படி யாருமே இல்லை.