மாமா சுரங்கம் காட்டாத நெய்வேலிப் பயணம்

நெய்வேலிக்கு வழி கேட்டுச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் போனது அறுபதுகளின் நடுவில், ஒரு மே மாதச் சனிக்கிழமை. ஊர் பார்க்கப் போகவில்லை. அக்கா கமலாவின் கடிதம் இழுத்துக்கொண்டு போனது. "மாமா திங்கக்கிழமை ராஜினாமா கொடுக்கப் போறாராம். நீ வந்து பேசு." அக்காவின் கணவரான அவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை. அது போனால் குவார்ட்டர்ஸும் போகும், இரண்டு பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகும். அதற்கு முந்தைய மாதம், அவர் எதிலும் ஒட்டாமல் முடங்கிக் கிடப்பதாக அவள் புலம்பியபோது, "சோம்பேறித்தனம், நல்லா நாலு வார்த்தை கேளு" என்று பதில் போட்ட பெரிய மனுஷன் நான்தான்.

எழும்பூரில் காலை ஏழு மணி பாசஞ்சர், பண்ருட்டியில் இறங்கும்போது பன்னிரண்டரை. ஸ்டேஷன் முழுக்கப் பலாப்பழ வாசனை. அங்கிருந்து பஸ்ஸில் பதின்மூன்று மைல், முக்கால் மணி நேரம், அறுபது பைசா.

"எந்த பிளாக்குங்க?" என்றார் கண்டக்டர். முகவரி எழுதிய உறையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"நம்பர் இல்லாம வந்தா சுத்திகினே இருக்கணும்ங்க. இங்க எல்லா வூடும் ஒண்ணு போலதான் இருக்கும்."

ஒன்றரை மணி நேரம் சுற்றினேன். அந்த எரிச்சலையும் சேர்த்து மாமாவிடம் காட்டுவதென்று முடிவு செய்துகொண்டேன்.

மாமா தணிகாசலம், வெட்டிய மண்ணையும் கரியையும் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டின் ஆபரேட்டர். யார் வீட்டுக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்பே சைக்கிளில் ஏற்றி மைன்ஸ் காட்டப் புறப்பட்டுவிடுவார் என்று சொந்தத்தில் கேலி செய்வார்கள். அன்று கட்டிலில் தோள் கூனி, இமை பாதி மூடி உட்கார்ந்திருந்தார். "வா" என்றார். அதோடு சரி.

"டூட்டி முடிஞ்சி வந்தா இப்படியே உக்காந்துகினு இருக்காருடா. மூணு மாசமா" என்றாள் அக்கா.

திட்டு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த உட்காரும் விதத்தை நான் எங்கேயோ பார்த்திருந்தேன். அப்போது மெட்ராஸில் மூளையை ஆராயும் கூடம் ஒன்றில் உதவியாளனாக இருந்தேன். சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த மருந்தைப் போட்டால் எங்கள் முயல்கள் இப்படித்தான் உட்காரும். மூளையில் சேர்ந்திருக்கும் செரோட்டோனின் என்ற ரசாயனத்தை அது வடித்துவிடும்.

"மாமா, ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"பிரஷருக்கு. நாலு மாசமா."

புட்டியில் அதே மருந்து. அந்தக் காலத்தில் ரத்தக் கொதிப்புக்குப் பரவலாகக் கொடுத்ததுதான், பலருக்கு ஒத்தும் போனது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மூளையின் மேலடுக்கில் ஒரு நரம்பணு அடுத்ததைத் தட்டி எழுப்ப குளூட்டமேட் என்ற இன்னொரு ரசாயனம் வேண்டும். பூனையின் மூளையில் மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே அதில் ஒரு துளி விட்டால், அந்த அணு துடிப்பது ஒலிபெருக்கியில் படபடவென்று கேட்கும். கூடவே செரோட்டோனினும் விட்டால் பெரும்பாலும் படபடப்பு அடங்கும், சில அணுக்களில் மட்டும் கூடும்.

"அடக்குற சரக்கு வடிஞ்சி போச்சின்னா, நான் துள்ளிகினு இல்ல இருக்கணும்?" என்றார் மாமா.

மூன்று மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது என்று அக்கா பிறகு சொன்னாள். அந்த மருந்து வேறு சில பொருள்களையும் வடிக்கும் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

"தெரியல மாமா. ஆனா இது மாத்திரை பண்ற வேலையா இருக்கும்னு தோணுது."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. அன்று மாலையே பக்கத்து மந்தாரக்குப்பத்தில் அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போனோம். பொறுமையாகக் கேட்டு, வேறு மருந்து கொடுத்தார். தெளிய ஒரு மாதமாவது ஆகும் என்றார். திங்கட்கிழமை ஆபீசுக்கு ராஜினாமா போகவில்லை, லீவ் லெட்டர் போனது. சுரங்கம் பார்க்காமலே ஊர் திரும்பினேன்.

ஆகஸ்டில் மறுபடி போனபோது பஸ் நிற்குமிடத்தில் மாமா சைக்கிளோடு நின்றார். "ஏறு மச்சான்." பையைக்கூட வீட்டில் வைக்க விடவில்லை. திறந்தவெளிச் சுரங்கப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு சொன்னார்: "கமலாவுக்கு நீ போட்ட கடுதாசிய நான் படிச்சேன். சோம்பேறின்னு எழுதியிருந்த. படிச்சவன் நீயே சொன்னா சரியாதான் இருக்கும்னு நெனச்சி, அன்னிக்கிதான் ராஜினாமா எழுதினேன்."

உடனே அவரே, "சரி வுடு. அதோ ஓடுது பாரு, அதான் என் பெல்ட்டு" என்று கையை நீட்டினார்.

போகிறவர்கள் பிளாக் நம்பரையும் வீட்டு நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதமென்றால் குடை வேண்டும். போன வீட்டில் யாராவது சுருண்டு கிடந்தால் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். மாற்றுவதை டாக்டரிடம் விடுங்கள். அவரைப் பற்றி வேறு யாருக்காவது எழுதுவதாக இருந்தால், அவரும் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.