சிவகௌரி மறுபடி ஏறிய பின்னிருக்கை

முன்பள்ளி ஆசிரியை சிவகௌரி ரீச்சரின் காலை லொறி ஏறி நசித்ததாக இணுவிலில் இன்றும் பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அந்த வீதியில் அப்போது லொறி எதுவும் வரவில்லை. 2023 ஆவணியில், அச்சுவேலியில் ஒரு கலியாணவீட்டுக்குப் போய்க் கணவருடன் மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். பட்டுச்சேலை என்பதால் ஒருபக்கமாகத்தான் இருந்தார். தலைப்பு காற்றில் பறந்து, சுழன்றுகொண்டிருந்த பின்சில்லுக்குள் போனது. சேலை இழுக்க, இடது பாதம் சில்லுக்கும் சங்கிலிக்கும் நடுவில் அகப்பட்டது. புண் பழுதாகி, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

கணவர் குகதாசன், தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துபவர். சேலை சிக்காமல் இருக்கப் பின்சில்லின் பக்கத்தில் ஒரு கம்பிக் காப்பு பூட்டியிருக்கும். தன் சாமான் பெட்டியைக் கட்ட இடைஞ்சலாக இருந்ததென்று அதை அவர் கழற்றி வைத்திருந்தார். இங்கே பம்பு திருத்துகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள்.

சிவகௌரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று பார்க்க வந்தவர்களின் முன்னால் குகதாசனின் அக்கா மகாதேவி தொடங்கினார்.

"வைரவருக்கு ஒரு வடைமாலை சாத்தாமல் புது மோட்டச்சைக்கிளை ஓடினால் வேறை என்ன நடக்கும்? நான் அண்டைக்கே சொன்னனான். உந்தச் சனியனை வித்துத் துலை!"

கட்டிலில் கிடந்த சிவகௌரி தலையைத் தூக்கினார். "மச்சாள், வடை கிடைக்காத கோவமெண்டால் வைரவற்றை வாகன நாயெல்லே கடிச்சிருக்கவேணும்? சில்லு ஏன் கடிச்சது? சேலையை ஒழுங்காச் சொருகாமல் ஏறினது நான்."

சிலர் சிரித்துவிட்டார்கள். குகதாசன் சிரிக்கவில்லை. "காப்பைக் கழட்டினது நான், அக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதன்பின் அவர் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. விற்கவும் சிவகௌரி விடவில்லை. அது சமைக்கும் குசினிக்குப் பின்னால் சாக்குப் போர்த்தபடி நின்றது. குகதாசன் சைக்கிளில் வேலைக்குப் போனார். பெட்டியின் பாரத்தோடு சுன்னாகத்துக்கு அப்பால் அவரால் போக முடியவில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட நிற்கும் தோட்டக்காரர் அரை நாள் காத்திருப்பாரா? ஒருவர் பின் ஒருவராக வேறு ஆட்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். மாரி முடிந்து இறைப்பு தொடங்கிய காலத்திலும் அவர் பகலில் வீட்டில் இருந்தார்.

சிவகௌரியோ செயற்கைக் கால் பூட்டி, முதலில் சுவரைப் பிடித்தும் பிறகு பிடிக்காமலும் நடந்து, தை மாதத்தில் முன்பள்ளிக்குத் திரும்பிவிட்டார். "ரீச்சர், உந்தக் கால் கழருமோ?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். கழற்றிக் காட்டிவிட்டு, எழுத்துப் படிப்பித்தார். தன் காலைப் பற்றி அவர் அழுததை நான் கேள்விப்படவில்லை. கணவர் பகலில் கட்டிலில் கிடப்பதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. அந்த மனிதரை மறுபடி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட வைக்கவேண்டும் என்பதே அவருடைய ஒரே எண்ணமாக இருந்தது.

பங்குனியில், செயற்கைக் காலைச் சரிபார்க்க யாழ்ப்பாணம் போகவேண்டிய நாள் வந்தது. ஓட்டோ பிடிக்கப் போன கணவரைச் சிவகௌரி மறித்தார்.

"ஓட்டோ வேண்டாம். நீங்கள் ஏத்திக்கொண்டு போனால் போறன். இல்லாட்டி இஞ்சையே இருக்கிறன்."

"விசர்க்கதை கதைக்காதை கௌரி."

"விசர்தான். இருக்கிற காலும் உங்களை நம்பித்தான் ஏறப்போகுது."

குகதாசன் குசினிக்குப் பின்னால் போனார். மோட்டார் சைக்கிளை மூடியிருந்த சாக்கை எடுத்தார். பெட்டி கட்டும் சட்டத்தைக் கழற்றினார். காப்பைத் தேடி எடுத்து, நான்கு ஆணியையும் இறுக்கி, கையால் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். சிவகௌரி சேலையைச் சொருகிக்கொண்டு பழைய வழக்கப்படி ஒருபக்கமாக ஏறினார்.

அங்கேதான் இருவரும் பிழை விட்டார்கள். செயற்கைக் கால் ஒன்றிலும் ஊன்றாமல் தொங்கினால் அதன் பாரமே அதை இழுக்கும் என்று இருவரும் யோசிக்கவில்லை. கோண்டாவில் சந்திக்குக் கிட்ட ஒரு குழியில் சில்லு இறங்க, பின்னால் ஏதோ தொப்பென்று விழுந்தது.

குகதாசன் நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி விறைத்துப்போய் இருந்தார்.

"இஞ்சருங்கோ" என்று முதுகில் தட்டினார் சிவகௌரி. "விழுந்தது நானில்லை. கால்தான். பஸ் வரமுதல் எடுத்துக்கொண்டு வாங்கோ."

எதிர்க் கடையில் நின்ற ஒருவர் சத்தமாகச் சிரித்தார். சிவகௌரியும் சிரித்தார். குகதாசன் நடுவீதியில் கிடந்த காலை எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். குழியில் இறங்கியும் மோட்டார் சைக்கிள் சரியவில்லை, அவர் நேராக நிறுத்தியிருந்தார். அதைச் சிவகௌரிதான் அவருக்கு எடுத்துச் சொன்னார்.

அங்கிருந்து ஓட்டோவில் போயிருக்கலாம். சிவகௌரியோ காலைப் பூட்டி, சேலையை முழங்கால்வரை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினார்.

"சனம் பாக்குது, கௌரி."

"பாக்கட்டும். சனமே எனக்குக் கால் தந்தது? நீங்கள் றோட்டைப் பாருங்கோ."

யாழ்ப்பாணம்வரை குகதாசன் மிக மெதுவாக ஓடினார். சைக்கிளில் போன பள்ளிப் பிள்ளைகள் அவர்களை முந்திப் போனார்கள். மறுநாளே சிவகௌரி இரண்டு சுடிதார் தைக்கக் கொடுத்தார். அந்த வயதில் அதென்ன கோலம் என்று மகாதேவி கேட்டதற்கு, "உங்களுக்கும் ஒண்டு தைக்கட்டோ மச்சாள்?" என்றார்.

அந்தக் கிழமையே ஒரு விடியற்காலையில் அச்சுவேலியிலிருந்து பழைய தோட்டக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். பம்பு நின்றுவிட்டதாம், மிளகாய்க் கன்று வாடுகிறதாம். "சைக்கிளிலை வந்து சேர மத்தியானமாயிடும், என்ன குகதாசண்ணை? வேறை ஆளைப் பாக்கட்டோ?"

குகதாசன் மனைவியைப் பார்த்தார். அவர் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேண்டாம்" என்றார் குகதாசன். "வெயில் ஏறமுதல் அங்கை நிப்பன்."