டிரைவரைக் கடன் கேட்டு வந்தவர்

இன்று காலை கடையில் சிமென்ட் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்தார். நேற்று எங்கள் ஊர் மைசூர் மைன்ஸ் சுரங்கம் பக்கம் அவர் மகன் காரைக் கண்மண் தெரியாமல் விரட்டி, வேலை முடிந்து நடந்து வந்த ஒரு பெண்ணை இடித்துவிட்டான். அந்த அம்மா கோலார் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

"அண்ணா, உங்க டிரைவர் செல்வத்த அனுப்புங்க. அவன்தான் கார் ஓட்னான்னு ஸ்டேஷன்ல சொன்னா போதும்."

"ஏன், உங்க பையன் இன்னா ஆனான்?"

"பதினேழு வயசுண்ணா. லைசென்ஸ் இல்ல. இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான், என்னயும் உள்ள வெப்பாங்க. வருசா வருசம் அவ்ளோ பிரீமியம் கட்றது இன்னாத்துக்கு?"

"நானும்தான் கட்றேன். ஒரு கிளைம் இல்ல, ஆனாலும் ஏறிக்கினே போவுது. உங்கள மாதிரி ஆளுங்களாலதான். கெளம்புங்க."

போய்விட்டார். தோளில் இருந்த மூட்டையை இறக்கிவைத்துவிட்டு செல்வம் என்னிடம் வந்தான்.

"அண்ணா, எம் பொண்ணோட காலேஜ் பீஸ் முழுசா கட்றேன்றாரு. காலைலயே வீட்டுக்கு வந்து கேட்டாரு."

"டேய், கேஸ் உன் பேர்ல விழும். அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் ஜெயிலுக்குப் போவணும். லைசென்சும் போயிடும்."

"தெரியும்ணா."

வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் போன பக்கமே நடந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

நாளை நந்திதுர்க்குக்கு லோடு போக வேண்டும். தெரிந்த டிரைவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வண்டியை ஓட்டத்தான் கேட்கிறேன், ஓட்டியதாகச் சொல்வதற்கு அல்ல.